மூச்சை எண்ணிக்கொண்டு நிற்கலாமோ? நாடிசுத்தியும் சீனத்து நிலைத் தியானமும்

குளக்கட்டு எழுதியது:

வணக்கம். வன்னியில இரணைமடுவுக்குக் கிட்ட ஒரு சனசமூக நிலையத்தில காலமை 5.30க்குப் பன்னிரண்டு பேர் மட்டில கூடிப் பயிற்சி செய்யினம். வயது 24 இலயிருந்து 67 வரை. அரைவாசிப் பேர் வயல்காரர், மிச்சம் கடை, கந்தோர் ஆக்கள்.

இப்ப இருக்கிற ஒழுங்கு: முதல் கபாலபாதி (வயிற்றை அடிச்சு மூச்சை வெளியால தள்ளுறது), சுற்றுக்கு 60 தரம், 3 சுற்று. பிறகு இருந்துகொண்டு, மூக்குத் துளை மாறி மாறி மூச்சு விடுற நாடிசுத்தி 10 நிமிசம், 4:16:8 கணக்கு (4 வினாடி இழுத்து, 16 அடக்கி, 8 விடுறது). கடைசியா சீன முறையில, பெரிய மரத்தைக் கட்டிப்பிடிச்ச மாதிரிக் கையை வைச்சுக்கொண்டு 15 நிமிசம் நிற்கிறது. நிற்கிற நேரத்திலயும் அதே 4:16:8 ஐ எண்ணச் சொல்லியிருக்கு. இந்தக் கடைசிப் பகுதி வீடியோ பார்த்துச் சேர்த்தது. கிட்ட நின்று திருத்த ஆளில்லை.

வாற கரைச்சல்கள்: நிற்கத் தொடங்கி 6, 7 நிமிசத்தில சிலருக்குத் தலைச்சுத்து. சொண்டும் விரல்நுனியும் விறைக்குது. அதைச் "சக்தி ஏறுது" எண்டு சிலர் சொல்லினம். தொடை நடுங்குது. பிடரி, தோள், நாரி நோ எல்லாருக்கும் பொது.

கேள்விகள்: பிராணனும் சீனர் சொல்லுற "ச்சி"யும் ஒண்டுதானோ? ஒண்டெண்டால் ஒரே நேரத்தில செய்யிறதில என்ன பிழை? எது முதல், எது பிறகு? பிரஷர் குளிசை எடுக்கிற ஆக்கள் மூன்று பேர், செயற்கைக் கால் போட்டவை இரண்டு பேர், நெஞ்சுப் பக்கம் குண்டுச் சன்னம் எடுபடாமல் இருக்கிற ஒருவர். அவையை என்ன செய்யச் சொல்லுறது?

---

பாலைமரம் எழுதியது:

தலைச்சுத்துக்குக் காரணம் உங்கட கணக்கிலேயே இருக்கு. 4:16:8 எண்டால் ஒரு மூச்சுக்கு 28 வினாடி, நிமிசத்துக்கு இரண்டு மூச்சு. அசையாமல் இருக்கிற உடம்புக்கே அது பல மாதப் பழக்கத்துக்குப் பிறகு வாற அளவு. முழங்கால் மடங்கி, தொடை வேலை செய்துகொண்டிருக்கிற உடம்புக்கு அது காணாது. 16 வினாடி அடக்கேக்க ஆக்கள் தங்களை அறியாமலே தொண்டையை இறுக்கி நெஞ்சை முறுக்குவினம். நெஞ்சுக்குள்ள அழுத்தம் கூடினால் கீழிருந்து இருதயத்துக்குத் திரும்புற இரத்தம் குறையும். ஆடாமல் நிற்கிறதால ஏற்கனவே காலில இரத்தம் தேங்கியிருக்கு. இரண்டும் சேர்ந்தால் மூளைக்குப் போறது குறைஞ்சு தலை சுத்தும்.

சொண்டு விறைப்பு வேற கதை. அடக்கி முடிஞ்சதும் காற்றுக்கு அவாப்பட்டு நாலைஞ்சு பெரிய மூச்சு வாங்கினால் இரத்தத்தில இருக்கிற கரியமில வாயு சட்டெண்டு குறையும். சொண்டைச் சுற்றியும் விரல்நுனியிலும் எறும்பு ஊருறது அதாலதான். அதுக்கு முதல் 180 கபாலபாதி வேற. உள்ளங்கை இளஞ்சூடாகி, விரல் கொஞ்சம் தடிச்ச மாதிரி இருந்தால் அது தோள் இளகி இரத்தம் நல்லா ஓடுற அடையாளம், விடலாம். சொண்டு விறைச்சால் நிறுத்த வேணும். இந்த இரண்டையும் ஒண்டாக்கிச் "சக்தி" எண்டு பேர் வைக்கிறதாலதான் ஆக்கள் மயங்கி விழும் வரை நிற்கினம்.

சீன முறையில இதுக்கு ஜான் ஜுவாங் எண்டு பேர். ஜான் எண்டால் நிற்கிறது, ஜுவாங் எண்டால் நட்ட கட்டை. வேலிக்குக் கதியால் நட்ட மாதிரி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. இதில நீங்கள் திருத்துறது உடம்பின்ர ஒழுங்கை மட்டும்தான். மூச்சு தன்பாட்டில வந்துபோகும். உடம்பு சரியா நிண்டால் ஐந்தாறு நிமிசத்தில மூச்சு தானாக் கீழ வயிற்றுக்கு இறங்கும். இறங்காட்டி எண்ணி இறக்கிறதில்லை, எங்க இறுகியிருக்கு எண்டு தேடுறது. ஆம்பிளையளுக்குச் சாரக்கட்டும் பெல்ற்றும், பெண்களுக்கு உள்பாவாடை நாடாவும் பாதிக் காரணம். தளர்த்திப்போட்டு நிற்கச் சொல்லுங்கோ.

நிற்கிற விதம், கீழிருந்து மேல:

பாதம் தோளகலம், இரண்டும் ஒண்டுக்கொண்டு நேர், விரல் முன்னுக்குப் பார்க்க வேணும். எங்கட ஆக்கள் பெரும்பாலும் விரலை வெளியால திருப்பித்தான் நிற்பினம். அப்ப முழங்கால் உள்ளுக்கு விழுந்து உள்பக்க மூட்டு நோகும். பாரம் குதிக்கால், பெருவிரலடி, சின்னவிரலடி மூன்றிலும் விழ வேணும். குதிக்காலில மட்டும் விழுந்தால் பின்னுக்குச் சாயிறியள் எண்டு அர்த்தம், நாரி நோ அங்க இருந்துதான் வருது.

முழங்கால் பூட்டுத் திறக்கிற அளவுக்கு மடங்கினால் காணும். மேலயிருந்து குனிஞ்சு பார்த்தால் பெருவிரல் நுனி தெரிய வேணும். புதுசா வாறவைக்கு இரண்டு விரற்கடை இறக்கமே கனக்க.

இடுப்பை உயரமான வாங்கின்ர நுனியில இருக்கப்போற மாதிரி விடுங்கோ. குண்டியை வலிஞ்சு முன்னுக்குத் தள்ளினால் நாரி கல்லாகும். நெஞ்சை நிமிர்த்தவும் வேண்டாம், கூனவும் வேண்டாம். தலை உச்சியில நூல் கட்டித் தூக்கின மாதிரி, நாடி (முகவாய்) ஒரு பொட்டு உள்ளுக்கு. நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னால. வாய் மூடி, கண் அரைவாசி திறந்து தூரத்தில பார்வை.

கைதான் எல்லாரும் கெடுக்கிற இடம். மரத்தைக் கட்டிப்பிடி எண்டு சொன்னவுடன தோள்மூட்டு காதடிக்கு ஏறிடும். கை தோளுக்கு மேல போகவே கூடாது. முழங்கை மணிக்கட்டைவிடக் கொஞ்சம் கீழ. கைக்கும் நெஞ்சுக்கும் இடையில ஒரு அடி. கமக்கட்டுக்குள்ள ஒரு முட்டை வைச்ச அளவு இடைவெளி, நசிக்கவும் கூடாது விழவும் கூடாது. விரல்கள் ஒட்டாமல் விரிஞ்சு இருக்க வேணும்.

ஆனால் இந்தக் கை முதல் மூன்று வாரத்துக்கு வேண்டாம். முதல் வாரம் கை பக்கவாட்டில, 3 நிமிசம். இரண்டாம், மூன்றாம் வாரம் கை தொப்புளுக்குக் கீழ, தொடாமல் ஏந்தின மாதிரி, 5 நிமிசம். பிறகு நெஞ்சுக்கு நேர 5 நிமிசம். வாரத்துக்கு ஒரு நிமிசம் கூட்டலாம். 20 நிமிசம் எண்டது நாலைஞ்சு மாதக் கதை. உங்கட 15 நிமிசத்தை நாளைக்கே வெட்டுங்கோ.

முடிக்கேக்க சட்டெண்டு போய்க் கதிரையில குந்த வேண்டாம். கையை இறக்கி, முழங்காலை மெதுவா நிமிர்த்தி, குதிக்காலைப் பத்துத் தரம் தூக்கி இறக்கி, இரண்டு நிமிசம் நடக்க வேணும். கெண்டைக்கால் தசை வேலை செய்தால்தான் தேங்கின இரத்தம் மேல வரும்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

பாலைமரம் சொன்னதில் ஒரு திருத்தம். யோகம் மூச்சைக் கட்டும், சீனமுறை மூச்சை விட்டுவிடும் என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. சீனத்தில் மூச்சை நிறுத்தும் முறைகள் தாராளமாக உண்டு. சீனத்து மூச்சு, நிலை, அசைவுப் பயிற்சிகளுக்கு "ச்சிகொங்" என்ற பொதுப்பெயர் இன்றைய பொருளில் நிலைத்தது 1950களில்; அதை நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் லியு குய்ஜென். அவர் பரப்பிய நெய்யாங்கொங் முறையில் உள்ளிழுத்த பின்போ வெளிவிட்ட பின்போ ஓர் இடைநிறுத்தம் உண்டு; அந்த இடைநிறுத்தத்தில் மனதுக்குள் சில சொற்களை ஓதுவார்கள். கும்பகத்தில் (மூச்சை அடக்கி நிறுத்துவதில்) மந்திரம் சேர்ப்பதற்கு வெகு அருகில் நிற்கும் வழக்கம் இது. ஆனால் அதைச் செய்வது படுத்து அல்லது இருந்து.

ஆகவே எல்லை நாட்டுக்கு நாடு போட்ட எல்லை அன்று. உட்கார்ந்தும் படுத்தும் செய்வதில் மூச்சை எண்ணலாம், நிறுத்தலாம். நிற்பதில் மூச்சைத் தொடக்கூடாது. இரு மரபிலும் பெரும்பாலும் இதுவே நடைமுறை. நம் பக்கத்திலும் பிராணாயாமத்துக்கு முதல் நிபந்தனை அசையாத, சுகமான இருக்கை. நின்றுகொண்டு கும்பகம் பழகச் சொன்ன ஆசிரியர் அரிது.

நிலைத் தியானத்தை ஒரு முறையின் நடுவே வைத்தவர் வாங் சியாங்ஜாய். 1963 இல் மறைந்தார். சிங்யிசுவான் என்ற சண்டைப் பயிற்சி மரபில் வந்தவர். அடவுகளைக் கழித்துவிட்டு நிற்பதையே, தான் உருவாக்கிய யீசுவான் என்ற முறையின் அடிப்படை ஆக்கினார். ஆகவே மரத்தை அணைத்து நிற்பது பழைய தாவோ முனிவர்கள் அப்படியே கையளித்துவிட்டுப் போனது என்று வீடியோக்களில் சொல்வதைக் குறைத்துக் கேளுங்கள். உடற்பயிற்சி மரபு பழையதுதான். 1973 இல் மாவாங்துயி என்ற இடத்தில், கி.மு. 168 இல் மூடப்பட்ட கல்லறையிலிருந்து 44 உருவங்கள் வரைந்த பட்டு ஓவியம் கிடைத்தது. அதில் வளைவதும் நீட்டுவதும் நிறைய.

பிராணனும் ச்சியும் ஒன்றா? இரண்டு சொல்லும் காற்று, மூச்சு, உயிர்ப்பு மூன்றையும் சேர்த்துக் குறிக்கும். அந்த அளவில் உறவுதான். வரைபடம் வேறு. யோகத்தில் பிராணன் ஓடும் நாடிகளான இடகலையும் பிங்கலையும் இரு மூக்குத் துளையோடு கட்டியவை. சீனத்து ரென், து என்ற இரண்டும் உடலின் முன், பின் நடுக்கோட்டில் ஓடுபவை. மூக்குத் துளையோடு அவற்றுக்குச் சம்பந்தமில்லை. அங்கே சுற்றோட்டம் முதுகால் ஏறி முன்னால் இறங்கும், வட்டம். இங்கே நடுநாடியான சுழுமுனை வழி நேரே மேலேற்றம். இடகலைதான் ரென், பிங்கலைதான் து என்று ஒட்டவைத்து, நாடிசுத்தி செய்துகொண்டே வட்டத்தையும் கற்பனை செய்வோர் உண்டு. இரண்டு ஊரின் தெருப்படத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வழி தேடுவதுபோல.

கணக்கைப் பற்றி ஒன்று. திருமந்திரம் சொல்லும் அளவு பூரகம் (உள்ளிழுத்தல்) 16, கும்பகம் 64, ரேசகம் (வெளிவிடுதல்) 32. உங்கள் 4:16:8 அதன் கால்பங்கு. ஆனால் அது மாத்திரைக் கணக்கு. மாத்திரை என்பது கண்ணிமைக்கும் அல்லது கைநொடிக்கும் நேரம் என்று தமிழ் இலக்கணமே சொல்கிறது. அதைச் சுவர்க்கடிகார வினாடியாக மாற்றிய இடத்திலேயே பாதிப் பேர் மூச்சுமுட்டுகிறார்கள்.

---

பாலைமரம் எழுதியது:

திருத்தம் சரி ஐயா, ஏற்றுக்கொள்ளுறன். நிற்கிறது, இருக்கிறது எண்டு பிரிச்சால் குழப்பமே இல்லை.

அப்ப இருந்து செய்யிற பகுதி. அடக்காமல் தொடங்குங்கோ: 4 உள்ளுக்கு, 6 வெளியால. 10 வினாடிக்கு ஒரு மூச்சு, நிமிசத்துக்கு 6. இந்த வேகத்திலயே இருதயத் துடிப்பு மூச்சோட சேர்ந்து ஏறி இறங்கத் தொடங்கும்; அமைதிக்கு அதுவே போதும். வலக்கையின்ர சுட்டுவிரலையும் நடுவிரலையும் மடக்கி, பெருவிரல் வலது துளைக்கு, மோதிரவிரல் இடதுக்கு. இடதால எடுத்து வலதால விட்டு, வலதால எடுத்து இடதால விட்டால் ஒரு சுற்று. 9 சுற்றுக்கு 3 நிமிசம். மூக்கெலும்பை நசிக்காமல், அது முடியிற மெல்லிய இடத்தில தொட்டு மூடினால் காணும்.

ஒரு துளை அடைச்சிருந்தால் உறிஞ்ச வேண்டாம். மூக்கு சில மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பக்கம் மாறி அடைக்கிறது இயல்பு. இடது அடைச்சால் வலப்பக்கம் சரிஞ்சு ஐந்து நிமிசம் படுத்தால் பெரும்பாலும் திறக்கும். தடிமனெண்டால் அண்டைக்கு நாடிசுத்தியை விடுங்கோ.

ஒரு மாதம் போக 4:4:8. பிறகு 4:8:8. ஏறலாமோ எண்டு பார்க்க ஒரு சோதனை இருக்கு: வெளியால விடுற மூச்சு கடைசியில பறிஞ்சுகொண்டு போனால், அல்லது அடுத்த மூச்சை அவதியா விழுங்கினால், கணக்குக் கூடிப்போச்சு. ஒரு படி இறங்க வேணும். உங்கட 4:16:8, அதாவது 1:4:2 விகிதம், பக்கத்தில பார்த்துக்கொண்டிருக்க ஆள் உள்ளவைக்கு மட்டும்.

கபாலபாதி 60 எண்டது இந்தக் கூட்டத்துக்குக் கூட. 20 போதும், வினாடிக்கு ஒண்டு, மூன்று சுற்று, இடையில ஒரு நிமிசம் சும்மா மூச்சு. அடிவயிறு உள்ளுக்கு அடிச்சுக் காற்றை வெளியால தள்ளும். உள்ள வாறது தானா வரும். ஆக்கள் இழுக்கிறதையும் பலமா இழுத்தால் அது பஸ்திரிகா ஆகிப்போகும். தோள் துள்ளுதோ எண்டு பாருங்கோ. துள்ளினால் வயிறு வேலை செய்யேல்லை.

---

மருதநிழல் எழுதியது:

குளக்கட்டு தம்பி, கடைசிக் கேள்விக்கு வாறன். அதைத்தான் முதல் கேட்டிருக்க வேணும்.

செயற்கைக் கால்: முழங்காலுக்குக் கீழ போட்டவரெண்டால் நிற்கலாம். முன்னுக்கும் பக்கத்திலும் பாரமான கதிரை ஒவ்வொண்டு வைச்சு, விரல்நுனி அதில தொட, 2 நிமிசம். பாரத்தை நல்ல காலில முழுக்கப் போடுறது பழக்கதோஷம். இரண்டு குளியலறைத் தராசு கிடைச்சால் காலுக்கொண்டு வைச்சு ஒருக்கால் பார்த்தால் எவ்வளவு சாயிறார் எண்டு அவருக்கே தெரியும். முடிஞ்சதும் உறையைக் கழட்டி மிச்சக் காலைப் பார்க்க வேணும். சிவப்பு 10 நிமிசத்துக்குள்ள மறைஞ்சால் பிரச்சினை இல்லை. மறையாட்டி, அல்லது ஒரே இடத்தில திரும்பத் திரும்ப வந்தால், மிச்சக் கால் நுழையிற சொக்கெற் பொருந்தேல்லை. பயிற்சியை நிறுத்திக் கால் செய்து தந்த இடத்தில காட்ட வேணும். வியர்வையில உறை நனைஞ்சால் தோல் உரியும், அதால வெய்யில் ஏற முதல் முடியுங்கோ.

முழங்காலுக்கு மேல போட்டவருக்கு "முழங்காலைக் கொஞ்சம் மடக்கு" எண்டு சொல்லவே கூடாது. அந்த மூட்டு கன வகையில நேரா நிண்டால்தான் பாரம் தாங்கும். மடங்கினால் அப்படியே முறிஞ்சு விழுவார். அவருக்கு இருந்து செய்யிற நிலை. கைபிடியில்லாத, ஆடாத கதிரையின்ர முன்பாதியில இருந்து, முதுகு சாயாமல், நல்ல கால் பாதம் நிலத்தில முழுக்கப் பட, கை அதே மாதிரி வட்டமா. சீன முறையிலயே இருந்தும் படுத்தும் செய்யிற நிலைகள் இருக்கு. இது சலுகை இல்லை, அதே பயிற்சிதான் எண்டு மற்றவைக்கும் சொல்லி வையுங்கோ.

நெஞ்சில சன்னம்: அது எங்க இருக்கெண்டு எக்ஸ்ரே பார்த்த வைத்தியர் சொல்லும் வரை கும்பகம், கபாலபாதி, பஸ்திரிகா மூன்றும் வேண்டாம். 4க்கு 6 மூச்சும் குறுகின நேரம் நிற்கிறதும் சாதாரண நடையைவிடப் பாரமில்லை, எண்டாலும் நெஞ்சு குத்தினால் உடன நிறுத்த வேணும். தலையில காயம்பட்டு வலிப்பு வாறவைக்கும், குடலிறக்கம் உள்ளவைக்கும், கர்ப்பிணிப் பெண்களுக்கும், கண்ணுக்குள்ள அழுத்தம் எண்டு சொட்டு மருந்து விடுறவைக்கும் அந்த மூன்றையும் விலக்குங்கோ.

பிரஷர் ஆக்கள்: மூச்சை அடக்கிறது ஒருபோதும் இல்லை. கையை நெஞ்சு மட்டத்தில கன நேரம் பிடிக்கிறதும் அழுத்தத்தை ஏத்தும்; தொப்புள் மட்டம் போதும், 5 நிமிசத்துக்கு மேல வேண்டாம். சில குளிசை எழும்பி நிற்கேக்க அழுத்தத்தை விழுத்தும். அவைக்கு இருந்து எழும்பின உடன நிலை தொடங்கக் கூடாது, ஒரு நிமிசம் அந்த இடத்திலேயே கால்மாற்றி நடந்துபோட்டுத் தொடங்க வேணும். மூச்சு நல்லாயிருக்கெண்டு குளிசையை நிறுத்துறவையும் இருக்கினம். கிளினிக் கொப்பியில எழுதினதை மாத்திறது கிளினிக்கில மட்டும்.

சீனி வருத்தம் உள்ளவை இருந்தால்: வெறுங்காலோட கிறவல் நிலத்தில நிற்க வேண்டாம், பாய் போடுங்கோ, பிறகு உள்ளங்காலைப் பார்க்க வேணும். காலமை ஊசியோ குளிசையோ எடுத்துப்போட்டுச் சாப்பிடாமல் வந்து நிற்கிறது ஆபத்து. நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் வந்தால் அது தொடை நடுக்கமில்லை, உடன சீனித்தண்ணி.

இன்னொண்டும் எழுத வேணும். வன்னியில இந்த வயது ஆக்களைக் கூட்டிவைச்சு "கண்ணை மூடு, மூச்சை அடக்கு" எண்டால் சிலருக்கு அமைதி வராது. பதுங்கு குழிக்குள்ள அடைபட்ட உணர்வுதான் வரும்: நெஞ்சு படபடக்கும், ஓட வேணும்போல இருக்கும். அது பயிற்சியில முன்னேற்றமும் இல்லை, அவையின்ர பலவீனமும் இல்லை. அப்படியான ஆளுக்குக் கண் திறந்து, வாசலைப் பார்த்து, நிற்கிற நிலை நல்லாப் பொருந்தும். உள்ளங்காலில நிலம் படுறதைக் கவனிச்சால் காணும். மூச்சில ஏதாவது செய்ய வேணுமெண்டால் பிராமரி, ஆனால் காதை மூடாமல், கண்ணைத் திறந்து. ம்ம் எண்ட ஓசை வெளிமூச்சைத் தானா நீட்டும், எண்ணத் தேவையில்லை. ஆர் ஆர் அப்படி எண்டு சபையில கேக்காதேங்கோ. "விரும்பினால் கண் திறந்திருக்கலாம்" எண்டு எல்லாருக்கும் பொதுவாச் சொன்னால் முடிஞ்சுது.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

பிராமரி என்றதும் நினைவுக்கு வந்தது. சீனத்தில் லியுசிஜுவே என்று ஆறு ஓசை முறை இருக்கிறது: ஷு, ஹ, ஹு, ஸி, ச்சுய், ஸீ. வெளிமூச்சில் மட்டும் ஓசை; கல்லீரல், இருதயம், மண்ணீரல், நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று கட்டியிருக்கிறார்கள், ஆறாவது உறுப்பல்லாத ஒரு பொதுப் பகுதிக்கு. எந்த ஓசை எந்த உறுப்பை ஆற்றும் என்பதை மரபுச் செய்தியாகவே வைத்துக்கொள்ளலாம். வெளிமூச்சை வருத்தமில்லாமல் நீட்டும் கருவி என்ற அளவில் பிராமரியும் இதுவும் அண்ணன் தம்பி.

---

கச்சான்காற்று எழுதியது:

தொடை நடுக்கத்தை ஒருவரும் விளக்கேல்லை. குண்டலினி எழும்பேக்க உடம்பு நடுங்கும் எண்டுதானே பெரியாக்கள் சொல்லுறது? நிறுத்தாமல் நிண்டால் திறக்கும்தானே?

---

பாலைமரம் எழுதியது:

நாற்று நட்டுப்போட்டு வரம்பில ஏறி நிண்டாலும் தொடை நடுங்கும் தம்பி, அதுக்கு ஆரும் குண்டலினி எண்டு சொல்லுறதில்லை. ஒரே நிலையில பாரம் தாங்கேக்க தசைநார்கள் முறைவைச்சு வேலை செய்யும். களைச்சால் முறை தப்பும், அதுதான் நடுக்கம். மெல்லிய, ஒரே சீரான நடுக்கமெண்டால் ஒரு நிமிசம் பார்க்கலாம். உடம்பு முழுக்க உலுக்கினால் ஒரு விரற்கடை மேல எழும்புங்கோ. அடங்காட்டி அண்டைக்கு அவ்வளவுதான். சீன மரபிலயே தானா வாற அசைவை வளர்த்துக்கொண்டு போய் மனம் குழம்பிறதுக்கு "நெருப்பு வழிதவறி, பேய் புகுந்தது" எண்டு பொருள்படுற ஒரு பேர் வைச்சு எச்சரிச்சிருக்கினம். நித்திரை குழம்புது, தலைக்குள்ள அழுத்தம் நிற்குது எண்டால் கிழமைக்கணக்கில நிறுத்திப்போட்டு வயல் வேலையைப் பார்க்கிறதுதான் மருந்து.

---

குளக்கட்டு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கபாலபாதியும் 15 நிமிச நிலையும் நிப்பாட்டியாச்சு. இன்னும் மூன்று கேள்வி. 40 நிமிசத்துக்கு ஒரு ஒழுங்கு எழுதித் தரேலுமோ? நிற்க அலுப்பெண்டு சொல்லுற இளம் ஆக்களுக்குச் சீனத்து அசைவுப் பயிற்சியான பாதுவான்ஜின் காட்டலாமோ? சிறுபோக வயல் வேலை தொடங்கினால் காலமை ஆள் வராது, பின்னேரம் மாத்தலாமோ?

---

பாலைமரம் எழுதியது:

அசையிறது முதல், நிற்கிறது நடுவில, இருக்கிறது கடைசி. இருந்து மூச்சுச் செய்து அமைதியானபிறகு எழும்பி நிற்கச் சொன்னால் தலை சுத்தும், செய்த அமைதியும் கலையும். உங்கட பழைய ஒழுங்கு தலைகீழ்.

5 நிமிசம் மூட்டுத் தளர்த்தல்: கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள், கழுத்து. பிறகு பாதுவான்ஜின் 12 நிமிசம். பிறகு நிலை 5 நிமிசம், நடை 2 நிமிசம். இருந்து இரண்டு நிமிசம் சும்மா மூச்சைப் பார்த்துப்போட்டு நாடிசுத்தி 6 நிமிசம். பிராமரி 5 தரம். மிச்சம் படுத்து ஓய்வு. கபாலபாதி செய்யக்கூடிய ஆக்கள் செய்யிறதெண்டால் இருந்த உடன, நாடிசுத்திக்கு முதல்.

பாதுவான்ஜின் இளம் ஆக்களுக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும் நல்லது. எட்டு அசைவு. இப்ப சீனத்தில பொதுவாப் பழக்கிற வடிவத்தில முதல் ஏழும் ஆறாறு தரம், பக்கம் மாறி வாறதெண்டால் பக்கத்துக்கு மூன்று. கடைசி அசைவு குதிக்காலைத் தூக்கி விடுறது, அது ஏழு தரம். மூச்சு விதி லேசு: ஏறேக்க, விரியேக்க உள்ளுக்கு, இறங்கேக்க, மூடேக்க வெளியால. அசைவுதான் மூச்சை நடத்தும், எண்ணுறதில்லை. பிழை வாற இடம் இரண்டு. வில்லு இழுக்கிற அசைவில முழங்கால் உள்ளுக்கு விழுறது. குனிஞ்சு பாதம் பிடிக்கிற ஆறாவதில தலை இருதயத்துக்குக் கீழ தொங்குறது. பிரஷர், கண் வருத்தம் உள்ளவை முழங்கால் மட்டத்தோட நிறுத்தி, பார்வையை நிலத்துக்கு முன்னால வைக்க வேணும்.

---

மருதநிழல் எழுதியது:

குதிக்கால் அசைவில பாறாங்கல் விழுந்த மாதிரி "டொம்" எண்டு விடச் சொல்லிக் குடுக்கினம். சீமெந்து நிலத்தில அது வேண்டாம். பாதித் தூரம் மெதுவா இறக்கி, மிச்சத்தை மெல்ல விடலாம். நாரியில தட்டு விலகினவையும் செயற்கைக் கால் ஆக்களும் அந்த அசைவை விடட்டும்.

பின்னேரம் செய்யலாம், சாப்பிட்டு மூன்று மணித்தியாலம் போயிருக்க வேணும். ஆனால் சிறுபோகத்தில மூன்று விஷயம் பாருங்கோ. அண்டைக்கு மருந்தடிச்ச வயலுக்குக் காற்று வாற பக்கமா நிண்டு மூச்சுப் பயிற்சி செய்யக் கூடாது. மருந்தடிச்ச ஆளும் குளிச்சு உடுப்பு மாத்தாமல் வரக் கூடாது, அவருக்கு அண்டைக்குப் பயிற்சியே தேவையில்லை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில புழுதி. சூடெண்டு நாக்கை மடிச்சுச் சீதளி செய்யிறவை இருப்பினம். அது வாயால இழுக்கிறது, மூக்கு வடிகட்டுற வேலை அங்க இல்லை. முட்டு வருத்தம் (ஆஸ்மா) உள்ளவைக்கு அந்த நேரம் சீதளி வேண்டாம், மண்டபத்துக்குள்ள மூக்கால மட்டும். நாள் முழுக்க வெய்யிலில நிண்டவர் தண்ணி குடிக்காமல் வந்து நிலையில நிண்டால் மயங்குவார். வந்தவுடன இரண்டு குவளை தண்ணி, அரைமணித்தியாலம் போகத் தொடங்கலாம்.

---

குளக்கட்டு எழுதியது:

பின்னேரம் ஆறரைக்கு நுளம்பு தின்னுது அக்கா. மண்டபத்துக்குள்ள நுளம்புத்திரி நாலு கொளுத்தித்தான் இருக்கிறது.

---

மருதநிழல் எழுதியது:

மூடின மண்டபத்தில நாலு திரியைக் கொளுத்திப்போட்டு நிமிசத்துக்கு ஆறு மூச்சு ஆழமா எடுத்தால் உள்ள போறது புகைதான். திரியை ஒரு மணித்தியாலம் முதல் கொளுத்தி, ஆக்கள் வரேக்க அணைச்சு யன்னலைத் திறந்து விடுங்கோ. நீளக் கைச் சட்டை, நீளக் காற்சட்டை. ஃபானை முதுகுப் பக்கமா வைச்சால் நுளம்பு இருக்காது. முகத்துக்கு நேர வைச்சால் மூக்கு வரண்டு அடைக்கும். அதுக்கும் அடங்காட்டி நேரத்தை நாலரைக்கு இழுங்கோ.